ஆக்சிஜன் கூடினால் ஆழம் குறையும்

திருச்சியின் அரியமங்கலத்திலும் திருவெறும்பூரிலும் பெல் ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்யும் வெல்டர்களுக்கு காஸ் கலவை புதிதல்ல. ஆர்கான் 80, கார்பன் டை ஆக்சைடு 20 என்று கேட்டு வாங்குவார்கள். கலவை தவறினால் வெல்டே காட்டிக்கொடுத்துவிடும். கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இந்த ஊரிலிருந்து ஒருவர் புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ போய் ஸ்கூபா கற்றால், அடிப்படைப் பயிற்சிக்குப் பின் அவரும் ஒரு கலவைக் கணக்கைப் படிக்க வேண்டிவரும். அந்தக் கலவையில் நிறமும் மணமும் சுவையும் கிடையாது. தவறு நேர்ந்தால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். ஸ்கூபா வீரர் முதுகில் சுமப்பதை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று எழுதுவது நம் பத்திரிகை வழக்கம். உண்மையில் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றேதான்: 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போவது உயிருக்கே ஆபத்து.

தொல்லை தருவது நைட்ரஜன். ஆழம் கூடக்கூட அது ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது; அவசரமாக மேலே வந்தால் குமிழிகளாகப் பிரிந்து மூட்டைப் பிடிக்கும், தண்டுவடத்தைத் தாக்கும். தூத்துக்குடியில் கம்ப்ரஸர் காற்றோடு சங்கெடுக்கப் போகிறவர்களுக்கு இந்த அபாயம் தொழிலோடு ஒட்டியது. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி மேலேற வேண்டும் என்ற அட்டவணையை ஜே.எஸ். ஹால்டேன் 1908-இல் வகுத்தார்.

நைட்ரஜனைக் குறைத்து அந்த இடத்தில் ஆக்சிஜனைக் கூட்டினால்? அதுதான் நைட்ராக்ஸ். வழக்கமான கலவைகள் 32, 36 சதவீதம். அமெரிக்கக் கடலாய்வு நிறுவனமான நோவாவில் மார்கன் வெல்ஸ் 1970-களில் இதற்கு முறை வகுத்தார். அங்கே பணியாற்றிய டிக் ருட்கோவ்ஸ்கி 1985-இல் பொதுமக்களுக்கே கற்பிக்கத் தொடங்கியதும் எதிர்ப்பு கிளம்பியது. 'பேய் வாயு' என்றுகூடத் தூற்றினார்கள். பெரிய பயிற்சி அமைப்பான பாடி 1996-இல்தான் இதற்கென ஒரு வகுப்பைக் கொண்டுவந்தது.

பயந்தவர்களிடமும் நியாயம் இருந்தது. அழுத்தம் கூடும்போது ஆக்சிஜனே நஞ்சாகும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் ஏறுகிறது. அதில் ஆக்சிஜனின் பங்கு 1.4-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. 32 சதவீதக் கலவைக்கு அந்த எல்லை சுமார் 33 மீட்டர், 36-க்கு 28. மீறினால் முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். தரையில் வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவும். ஹால்டேனின் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் இதைத் தன் உடம்பிலேயே சோதித்து, வலிப்பில் முதுகெலும்பு நொறுங்கக் கண்டவர். பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரத்தில் மறைந்தாரே, அவர்தான்.

அதனால் இந்தப் பயிற்சியின் உயிர் கரையிலேயே இருக்கிறது. பாடி வகுப்பைக் கடலில் இறங்காமலேகூட முடிக்கலாம். ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் அனலைசரை முதலில் சாதாரணக் காற்றில் 20.9-க்குச் சரிசெய்ய வேண்டும். பிறகு சிலிண்டர் வால்வை லேசாகத் திறந்து அளக்க வேண்டும். சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி, பெயர் நான்கையும் டேப்பில் எழுதி ஒட்ட வேண்டும். கையிலுள்ள டைவ் கம்ப்யூட்டரிலும் அதே எண்ணை ஏற்ற வேண்டும். நிரப்பிக் கொடுத்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், சுவாசிக்கப் போகிறவரே அளக்க வேண்டும். இதில் தாட்சண்யம் பார்ப்பவருக்கு நைட்ராக்ஸ் தரக் கூடாது என்பது என் கட்சி.

பலன் என்ன? 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டரில் கிடக்கிறது. பாடி அட்டவணைப்படி அந்த ஆழத்தில் காற்றோடு 29 நிமிடம் இருக்கலாம். 32 சதவீத நைட்ராக்ஸோடு போனால் உடம்பில் ஏறும் நைட்ரஜன், காற்றோடு 20 மீட்டரில் இருப்பதற்குச் சமம். எச்சரிக்கையாக 22 என்று வைத்தாலும் 37 நிமிடம் கிடைக்கும். இடிபாட்டைச் சுற்றிப் பார்க்க அந்த எட்டு நிமிடம் பெரிது.

அதே நாளில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்' அதே கடலில்தான், 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. 32 கலவையோடு அங்கே போனால் ஆக்சிஜனின் பங்கு 2-ஐத் தொடும். காற்றோடு போனாலோ நைட்ரஜனே போதையேற்றும். ஆகவே ஹீலியத்தைச் சேர்த்த டிரைமிக்ஸ். உதாரணமாக 18 சதவீதம் ஆக்சிஜன், 45 ஹீலியம், மீதி நைட்ரஜன். பொழுதுபோக்கு டைவிங்கின் 40 மீட்டர் எல்லையைத் தாண்டிய தனிப் பயிற்சி இது. மேலேறும்போது வழியில் நின்று நின்று சுவாசிக்க வேறு கலவைச் சிலிண்டர்களும் கூடவே தொங்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் முன் அதன் மேலுள்ள ஆழ எண்ணைத் தானும் பார்த்து, கூட வந்தவருக்கும் காட்டி, அவர் தலையசைத்த பிறகே வாயில் வைக்க வேண்டும்.