ஃப்ரீ த்ரோ கோட்டில் சரணாகதி

"இந்த வருஷம் பாஸ்கெட்பால் டீம் எப்படி சார்?" என்று கீழ உத்தர வீதியில் யார் கேட்டாலும் "பெருமாள் விட்ட வழி" என்று நான் சொல்வதில்லை. உயரமான பையன் படிப்பு முடிந்து போய்விட்டான். ரீபவுண்டுக்கு ஆள் இல்லை. பாயிண்ட் கார்டுக்கு இடது கை டிரிப்ளிங் வராது, எதிரணி சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடும். அரையிறுதி வரை போகலாம். அதற்கு மேல் கஷ்டம்.

ஆனால் ஃப்ரீ த்ரோவுக்கு ஒருவன் நிற்கும்போது இந்த ஊர் வைணவர்களின் பழைய வழக்கு தலைதூக்கும். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விப்போகும் பூனைக்குட்டியா? முயற்சி ஒரு வியாஜமாகவாவது, வெறும் சாக்காகவாவது வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி. அருளே போதும் என்பது பிள்ளை லோகாசாரியர் வழி. நான் லோகாசாரியர் வழியில் வந்த தென்கலைக்காரன். ஆனாலும் பையன்களைக் காலை ஐந்தரைக்கே மைதானத்துக்கு வரச் சொல்கிறேன். லோகாசாரியர் பேசியது மோட்சத்தைப் பற்றி, 3.05 மீட்டர் உயரத்து வளையத்தைப் பற்றியல்ல. (1891இல் இந்த ஆட்டத்தை உண்டாக்கிய நைஸ்மித்தும் இறையியல் படித்தவர்தான்.)

"விரலை விட்டதுமே பந்தின் பாதை முடிவாகிவிட்டது, அப்புறம் என்ன வேண்டுதல்?" என்பார் இயற்பியல் துறை நண்பர். நியாயம்தான். நான் வேண்டுவது பந்துக்காக அல்ல; தவறினாலும் அவன் முகம் சுண்டாமல் உடனே திரும்பி ஓடி டிஃபன்ஸில் நிற்கவேண்டுமே என்றுதான்.