புதுப்பிக்கப்பட்டது அதுவேயா?

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டுப் பழையது எதுவுமே எஞ்சாதபோது, அது முன்னிருந்த பொருள்தானா? ஓர் உறுப்பு நீங்கினாலே பழைய முழுமை அழிந்து வேறொரு முழுமை தோன்றும் என்பது நியாய வைசேடிகர் கொள்கை. காரியம் தன் காரணத்தில் முன்னமே உள்ளது என்னும் சற்காரியவாதத்தைச் சைவ சித்தாந்தம் ஏற்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பச்சைத் தோல் பதனிடப்படுகையில் அதன் கொலாஜன் இழைகள் நீங்காமல் குரோமிய உப்போடு பிணைந்து அழுகாத் தன்மை பெறுவது சற்காரியவாதிக்கு இசைவான சான்று. இழையே மாறிவிடும் இடத்தில் அச்சான்று உதவாது.

கோடுகளாலும் வளைவுகளாலும் விவரிக்கப்படும் எஸ்விஜி படங்களைத் திரையில் வரைந்து தரும் 'லிப்ஆர்எஸ்விஜி' அத்தகைய இடம். பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பாகிய இந்நூலகம் முதலில் சி மொழியில் எழுதப்பட்டது; 2016 முதல் ஃபெடெரிகோ மேனா கின்டேரோ அதனை ரஸ்ட் மொழிக்குச் சிறிது சிறிதாக மாற்றினார். நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உரிமையாளரே உண்டு என்னும் விதியை ரஸ்ட் நிரல் ஓடுமுன்பே சரிபார்ப்பதால், விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொடும் பிழைகள் பெரும்பாலும் தடுக்கப்படுகின்றன. புதிய நிரல் வரைந்த படம், முன்பே சேமித்துவைத்த மாதிரிப் படத்தோடு ஒப்பிடப்பட்டது. அழைக்கும் வாயில்கள் மாறாமல் காக்கப்பட்டதால், நூலகத்தை நம்பியிருந்த நிரல்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கவில்லை.

வேலூர்க் கோட்டையின் ஜலகண்டேசுவரர் கோயில் இதற்கு நேர்மறுதலையானது. கோபுரமும் சிற்பம் செறிந்த கல்யாண மண்டபமும் நிலைத்து நின்றும், மூலவரின்றி நெடுங்காலம் வழிபாடு அற்றுக் கிடந்த அக்கோயிலில், 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து இலிங்கம் கொண்டுவந்து நிறுவப்பட்ட பின்னரே பூசை மீண்டது. கல் மாறாமலிருந்தது; கோயில் தன் பணியை இழந்திருந்தது. திருப்பணிக் காலத்தில் மூலவரின் ஆற்றலைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதியில் எழுந்தருளச் செய்து வழிபாட்டைத் தொடரும் ஆகம வழக்கம், கட்டடத்தினும் வழிபாட்டின் தொடர்ச்சியையே முதன்மையாகக் கொள்கிறது. மூல நிரலைப் பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டே நூலகத்தை இயங்க வைத்ததும் அவ்வழிப்பட்டதே.

ஆகவே ஒருமை மூலப்பொருளில் மட்டும் தங்குவதன்று. நம்பியிருப்போர்க்குப் பணி தடைப்படாமல் பேணப்படுவதிலும் அது தங்குகிறது. சி மொழியின் வரிகள் நீங்கியிருப்பினும், லிப்ஆர்எஸ்விஜி அதே நூலகம்தான்.