பலனைத் துறக்க வேண்டியவர் யார்?

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் திருமுன்பே வந்து கூடும் அன்பர்களுள், பதினைந்து முதல் பதினெட்டு வயதுள்ள மக்களை உடன் அழைத்து வருவோர் பலர். அவர்களுடைய பிரார்த்தனை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஸ்ரீ ஹயக்ரீவப் பெருமான் எழுந்தருளியுள்ள திருவஹீந்திரபுரம் ஔஷதகிரியிலும், செங்கற்பட்டை அடுத்த செட்டிபுண்ணியத்திலும், தேர்வுக் காலம் நெருங்க நெருங்கப் பேனாக்களும் ஹால் டிக்கெட்டுகளும் ஸந்நிதியில் வைத்துப் பெறப்படுவதை அன்பர்கள் அறிவார்கள். இவ்வாறு வேண்டிக்கொள்வதில் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும், அந்தப் பலன் யாருக்காக வேண்டப்படுகிறது என்று சற்றே ஆராய்ந்து பார்த்தால், இளம் பருவத்தினரை இன்று வாட்டுகின்ற மன அழுத்தத்தின் வேர் நமக்குப் புலப்படக்கூடும் என்று அடியேன் கருதுகிறேன்.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று வினவும் பெரியோர் உளர். பெயர் வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். கீதையின் முதல் அத்தியாயத்தில், வில்லாண்மையில் நிகரற்ற அர்ஜுனன் நாவறண்டு, மேனி நடுங்கி, காண்டீபத்தைப் பிடிக்கவும் மாட்டாமல், தலை சுழன்று தேர்த்தட்டில் அமர்ந்துவிட்டதாகக் காண்கிறோம். தேர்வுக் கூடத்து வாயிலில் நிற்கும் மாணவனுக்கு உண்டாவதும் ஏறக்குறைய இதுவேயாகும். ஆபத்து நேரிட்டதாக மனம் எண்ணிய மாத்திரத்தில் உடலில் அட்ரினலின் முதலிய சுரப்புகள் பெருகுகின்றன, நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. எதிரே இருப்பது பகைவர் சேனையா, வினாத்தாளா என்று உடலுக்குப் பகுத்தறியத் தெரியாது. ஆதலின் நடுக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட இயலாது.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் முதலில் அர்ஜுனனைக் கடிந்துதான் பேசினான். அதனால் அர்ஜுனன் எழுந்துவிட்டானா? இல்லை. மீண்டும் தன் கலக்கத்தையே விரித்துரைத்து, இனி நீயே எனக்கு வழிசொல்ல வேண்டும் என்று சரண் புகுந்தான். அதன் பிறகே உபதேசம் தொடங்கிற்று. அது பதினெட்டாம் அத்தியாயம் வரையில் நீண்டது. பகவானே கடிந்துரைத்தும் அது மாத்திரம் போதாதிருக்க, நாம் பிள்ளைகளை இரண்டு சொல் ஏசிவிட்டு அவர்கள் தெளிந்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, பலனைப் பற்றிய உபதேசத்துக்கு வருவோம். கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்று பிள்ளைகளுக்கு நாம் ஓயாமல் சொல்லுகிறோம். சொல்லிய வாய் மூடுவதற்குள், "கணக்கில் எத்தனை மதிப்பெண்? அடுத்த வீட்டுப் பெண் எத்தனை?" என்றும் கேட்கிறோம். செயலைப் பிள்ளைக்கு வகுத்துவிட்டுப் பலனைத் தமக்கு வைத்துக்கொள்ளும் இப்பங்கீடு எந்த சாஸ்திரத்திலும் சொல்லப்படவில்லை. படிப்பவன் தன் முயற்சியின் சுமையை எப்படியும் சுமந்துவிடுவான். தந்தைக்குக் கிட்டாமற்போன உத்தியோகம், தாயார் உறவினர்முன் இழந்த மதிப்பு, வீட்டின் கடன் ஆகியவற்றையும் அவன் தலைமீது ஏற்றும்போதே முதுகு வளைகிறது.

ஸ்ரீ ஆளவந்தார் கீதார்த்த ஸங்க்ரஹத்தில் அர்ஜுனனுடைய கலக்கத்துக்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று அஸ்தாந ஸ்நேஹம், அதாவது வைக்கத் தகாத இடத்தில் வைத்த அன்பு. பெற்றோரிடம் அன்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைமீது வைக்க வேண்டிய அன்பு, பிள்ளை கொண்டுவரும் தாளின்மீது போய் அமர்ந்துவிடுகிறது என்பதே குறை.

இதற்கு ஸ்ரீமத் பாகவதத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹிரண்யகசிபுவை நாம் கொடியவன் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் குருகுலத்திலிருந்து வந்த ப்ரஹ்லாதனை அவன் மடியில் இருத்தி, உச்சி முகர்ந்து, ஆனந்தக் கண்ணீர் பெருக்கினான் என்றே அங்கே காண்கிறோம். பிறகுதான், கற்றதில் சிறந்தது எது என்று கேட்டான். எதிர்பார்த்த விடை வரவில்லை. முதலில் ஆசிரியர்மீது பாய்ந்தான். அவரோ, அரசனுக்கு அஞ்சி, இதை நான் கற்பிக்கவேயில்லை என்று கைகழுவினார். (இன்றைய பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களிலும் இக்காட்சியைக் காணலாம்.) இறுதியில் குழந்தையை மடியிலிருந்து கீழே தள்ளினான். ப்ரஹ்லாதனுக்குத் தாங்குவதற்கு எம்பெருமான் இருந்தான், அதை அவன் ஐயமற அறிந்தும் இருந்தான். அந்த உறுதி இன்னும் வாய்க்காத நம் வீட்டுப் பிள்ளைக்கோ, விடை தவறினால் மடியும் போய்விடும் என்ற ஐயமே பெரும் பயம். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு அவன் அஞ்சுவது பௌதிகப் பாடத்துக்காக மட்டும் என்று தோன்றவில்லை.

"வற்புறுத்தாவிட்டால் படிக்கவே மாட்டார்கள்" என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்க அறிஞர்களாகிய யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இருவர் 1908-இல் சுண்டெலிகளுக்கு மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்து, அவை பாதையைத் தேர்ந்தறியும் திறனைச் சோதித்தனர். (திருக்கோயில் மலரில் எலிக்கதையா என்று அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.) எளிய வேலையை வலிய அதிர்ச்சியிலும் அவை விரைந்து கற்றன, வேலை கடினமாக ஆக, மெல்லிய அதிர்ச்சியிலேதான் நன்கு கற்றன, அதற்குமேல் அதிர்ச்சி ஏற ஏறத் தடுமாறின. பிளஸ் டூ பாடம் எளிய வேலையன்று. சிறிதளவு பதற்றம் பிள்ளையைப் புத்தகத்தின்முன் உட்கார வைக்கும். அளவு மீறினால் படித்ததும் நினைவுக்கு வராது. தமிழக அரசு 2017-ஆம் ஆண்டு முதல் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திக்கொண்டது நல்ல முடிவேயாகும். ஆனால் அரசு கைவிட்ட பட்டியலை உறவினர் தொலைபேசியில் இன்றும் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் செய்யத்தக்கது என்ன என்று கேட்டால், கீதையின் ஆறாம் அத்தியாயம் உணவும் உறக்கமும் விழிப்பும் அளவோடு அமைய வேண்டும் என்கிறது. யோகிக்குச் சொன்னது மாணவனுக்கும் பொருந்தும். 13 முதல் 18 வயது வரை உள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. அன்று கற்றது மனத்தில் பதிவதும் உறக்கத்திலேதான். இவ்வயதில் உறக்கம் இயல்பாகவே சற்றுத் தாமதித்து வரும். அது சோம்பல் அன்று. விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்ப விரும்புவோர் இரவு எட்டு மணிக்கே வீட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தத் தயாரா? மற்றபடி, மாலையில் அரைமணி ஓடி விளையாடுதலும், மனத்தில் உள்ளதை நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுதலும் மருந்துக்கு ஒப்பானவை. தோற்றாலும் அவ்வாண்டிலேயே துணைத் தேர்வு உண்டு என்பதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வைப்பது நலம்.

பிள்ளை பல நாள் உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் இருந்தாலோ, வாழ்வை வெறுத்துப் பேசினாலோ, அதைத் திருஷ்டி என்றும் கிரகக் கோளாறு என்றும் தள்ளிவைக்கலாகாது. உடனே மருத்துவரை நாட வேண்டும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்னும் எண்ணிலும், தமிழக அரசின் சுகாதார உதவி 104 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கோயிலுக்கு வருவதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று விரோதமாகா.

பதினெட்டாம் அத்தியாயத்தில், அத்தனையும் உபதேசித்த பின்பு, நன்றாக ஆலோசித்து உன் விருப்பப்படி செய் என்ற கருத்தில் கண்ணன் முடிவை அர்ஜுனனிடமே விட்டான். பத்தாம் வகுப்பு முடிந்து எந்தப் பாடப்பிரிவு என்று வீட்டில் பேச்செழும்போது, இவ்விடத்தைப் பெற்றோர் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். இன்று தீர்த்தமும் சடாரியும் பெற்று ஊர் திரும்பும் வழியிலும், "நீ பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டாய்?" என்று பிள்ளையைக் கேட்கலாம். சொல்ல விருப்பமில்லை என்று அவன் கூறினால், அத்துடன் விட்டுவிடலாம்.