சின்னச் சொல்லின் பிடி

கரிசல் காட்டுக் கிணற்றடியில் "மோட்டாரை ஆஃப் பண்ணுய்யா" என்ற குரல் கேட்காத நாள் கிடையாது. ஆங்கிலத்தில் அந்த 'ஆஃப்' வினைச்சொல்லே இல்லை. 'ஸ்விட்ச்', 'டர்ன்' என்று ஏதாவதொரு வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொல் அது. நம்மவர்கள் முன்னால் இருந்த வினையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னால் வந்த 'ஆஃப்'பை மட்டும் எடுத்துத் தங்கள் 'பண்ணு'வோடு சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களின் காது செய்த வேலை இது. 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்று ஆங்கிலேயர் சொல்லும்போதும் குரல் அழுத்தி நிற்பது அந்த 'ஆஃப்'பில்தான். பொருளின் கனம் எங்கே இருக்கிறது என்பதைக் காது சரியாகப் பிடித்திருக்கிறது. கோவில்பட்டியில் நூற்பாலைக்குப் போய் வந்தவரிடம் கேளுங்கள். 'லே ஆஃப்' என்றாலும் 'லாக் அவுட்' என்றாலும் அடுத்த மாதம் அடுப்பு எப்படி எரியும் என்பது வரை அவர் விளக்குவார்.

அதே ஊர்களில் ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சின்னச் சொற்களிடம்தான் தடுமாறுகிறார்கள். 'டாலரேட்' தெரியும், 'புட் அப் வித்' வந்தால் திகைப்பு. 'எக்ஸ்டிங்க்விஷ்' தெரியும், விளக்கை அணைப்பதற்கு 'புட் அவுட்' என்பார்கள் என்று தெரியாது. கனத்த சொற்களை மனப்பாடம் செய்து நிறைய மதிப்பெண் வாங்கியவர், நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் சர்வ சாதாரணமாகச் சொன்ன இரண்டு சிறு சொற்களில் நின்றுவிடுகிறார். வெளியே வந்து "எனக்கு மூளை போதாது" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. காரணம் மூளையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. திருச்சபையும் கல்வியும் லத்தீனில் நடந்தன. உழவரும் கொல்லரும் தாய்மாரும் மட்டும் பழைய ஆங்கிலத்தோடு இருந்தார்கள். 'கெட்', 'புட்', 'கிவ்', 'டேக்' என்று வீட்டில் புழங்கும் வினைகள். அவற்றோடு 'அப்', 'டவுன்', 'இன்', 'அவுட்' என்று திசை காட்டும் சொற்கள். இந்தக் கைப்பிடிச் சரக்கை வைத்துக்கொண்டு வாழ்க்கை முழுவதையும் பேசினார்கள். 'டாலரேட்' படித்தவர் வழியாக வந்தது. 'புட் அப் வித்' வீட்டுச் சரக்கிலிருந்து எழுந்தது. காலனி ஆட்சி நம் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது முதல்வகை ஆங்கிலம். மனு எழுத, கோப்பு எழுத, தீர்ப்பைப் படிக்க அது போதும். அடுக்களை ஆங்கிலம் கப்பல் ஏறவில்லை.

எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த ஒரு பிள்ளையும் அந்த முதல்வகையைப் படிக்கத்தான் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். ஊரில் பஞ்சாலை நிறுவி நொடித்துப்போன அப்பா சின்னசாமி ஐயருக்கு மகன் ஆங்கிலம் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்று ஆசை. பாரதி பின்னாளில் தன் வாழ்க்கையைக் கவிதையாகச் சொல்லும்போது அந்தப் படிப்பைக் கசந்துதான் நினைக்கிறார். சொந்த நாட்டுக் கவிகளையும் அறிஞர்களையும் அது அறியவிடவில்லை என்பது அவர் குறை. 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்தபின் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அவருக்கு அன்றாட வேலையாயிற்று. ஷெல்லியைப் படித்து 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டவரை ஓடும் ஆங்கிலத்துக்குள் இழுத்துப் போட்டது அந்த வேலைதான் என்று நினைக்கிறேன். 1914இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட பொன்வால் நரிக் கதை அங்கதம். ஒரு மொழியில் கேலி செய்யப் பாடப்புத்தகச் சொற்கள் மட்டும் போதாது.

வினையும் சிறு சொல்லும் கூடும் இந்தச் சேர்க்கைகள் பிறமொழிக்காரரை எவ்வளவு வாட்டும் என்பது ஆங்கிலேயருக்கே பழைய செய்தி. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருளே மாறிவிடும் இந்தப் பழக்கம் அயலாருக்குப் பெருந்தொல்லை என்று முன்னுரையில் எழுதி, அவற்றைத் தேடித் தேடித் தொகுத்தார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரே 1925இல்தான் லோகன் பியர்சல் ஸ்மித்தின் நூலில் அச்சேறியது. மக்கள் நூற்றாண்டுகளாகப் பேசிவந்த ஒன்றுக்கு அத்தனை காலம் பேர் இல்லை.

1930இல் சி.கே. ஆக்டன் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: உலகம் முழுவதும் எளிதாகக் கற்பதற்கு 850 சொற்களில் ஓர் ஆங்கிலம். அதில் வினைகள் 18தான். 'என்டர்' வேண்டாம், 'கோ இன்' போதும். 'அபான்டன்' வேண்டாம், 'கிவ் அப்' போதும். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் சொல் குறையக் குறையச் சேர்க்கை பெருகியது. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே என்று கற்றவர் இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கைவிடுதல் கிடைக்குமா? 850 என்று எண்ணியபோது இந்தச் சேர்க்கைகளை யாரும் எண்ணவில்லை. எளிய சொற்கள் எளியவை என்று நினைத்ததுதான் அந்தத் திட்டத்தின் பலவீனம்.

இன்னும் உள்ளே போனால் வியப்பு கூடுகிறது. 'ரேன் அப் எ ஹில்' என்றால் குன்றின் மேல் ஓடி ஏறினான். 'ரேன் அப் எ பில்' என்றால் கடையில் கணக்கை ஏற்றிவிட்டான். பார்வைக்கு ஒரே அமைப்பு. ஆனால் பில்லை 'ரேன் இட் அப்' என்று இடையில் பிரித்துச் சொல்லலாம். குன்றை அப்படிச் சொல்ல முடியாது. ஏன் என்று ஓர் ஆங்கிலேயக் கிழவியிடம் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மாற்றிச் சொல்லவும் மாட்டாள்.

அந்தக் கிழவியை இங்கே, மிளகாய்ப் பழம் காயும் களத்துக்கு அழைத்து வந்து நம் கிழவியின் பக்கத்தில் உட்கார வைக்க எனக்கு ஆசை. ஐப்பசியில் விதைத்த நிலம் ஏங்கி நிற்கும்போது வானம் இறங்கினால் நம்மவள் "பெஞ்சிருச்சு" என்பாள். வத்தல் காயும் மாசியில் அதே மழை வந்தால் "பெஞ்சு தொலைக்குது". அறுவடை நேரத்தில் வந்தால் "பெஞ்சு கெடுத்திருச்சு". ஒரு நல்ல வருஷத்தை நினைத்துச் சொல்லும்போது "அன்னைக்கு மழை பெய்யப் போய்த்தான் தப்பிச்சோம்". அந்தப் 'போய்' எங்கேயும் போகவில்லை. நடந்தது நல்லதாயிற்று என்ற பெருமூச்சு முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது. மழை ஒன்றுதான், அது தனக்கு என்ன செய்தது என்பதைப் பின்னால் வரும் சிறு வினையில் வைத்துச் சொல்கிறாள். இதற்கு இலக்கணத்தில் துணைவினை என்று ஒரு பேர் உண்டு என்று அவள் கேள்விப்பட்டதில்லை.

முழுதும் முடிந்தது என்று சொல்ல ஆங்கிலம் 'அப்' சேர்க்கிறது: 'ஈட் அப்', 'யூஸ் அப்'. நாம் 'விடு' சேர்க்கிறோம்: தின்றுவிட்டான், தீர்ந்துவிட்டது. அவர்களுக்கு முடிவு என்பது மேலே ஏறி நிரம்புவது. நமக்கு அது கையை விட்டுப் போவது. இப்படி யார் முடிவு செய்தார்கள்? எந்த அரசனும் ஆணை போடவில்லை, எந்தப் புலவரும் வகுத்துக் கொடுக்கவில்லை. நிறைத்தும் இழந்தும் பேசிப் பேசிக் கோடிக்கணக்கான வாய்கள் செய்துவைத்தது. ஒரு மொழியின் மிக நுட்பமான அறிவு அதன் மிகச் சாதாரணமான சொற்களில்தான் சேர்கிறது. அதைக் காலங்காலமாகப் பாதுகாத்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். 'புட் அப் வித்' தெரியாமல் கூனிக் குறுகி நிற்கும் கரிசல் பிள்ளை, அதே அளவு கடினமான ஒன்றைத் தன் மொழியில் பள்ளிக்குப் போகும் முன்னரே முடித்துவிட்டு வந்த பிள்ளை.

இதை என்னைவிட நன்றாக அறிந்த ஒருவர் எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். இத்தாலியிலிருந்து வந்து காமநாயக்கன்பட்டியில் பணி செய்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி, நம் வீரமாமுனிவர். செந்தமிழில் தேம்பாவணி பாடும் அளவுக்குப் புலமை பெற்றவர். அவருக்கும் செந்தமிழ் இலக்கணம் மட்டும் போதவில்லை. மக்கள் பேசும் தமிழுக்குத் தனியாக ஒன்று, செந்தமிழுக்கு வேறொன்று என்று லத்தீனில் எழுதினார். பேச்சுத் தமிழுக்கான கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதற்கான பாடத்தை அவர் சந்தையிலும் வீட்டு வாசலிலும் கேட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும். நம் சனம் ஆசிரியராக இருந்திருக்கிறது, ஐரோப்பியப் பண்டிதர் மாணவராக உட்கார்ந்திருக்கிறார்.

எட்டயபுரத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். 'லுக் ஆஃப்டர்', 'லுக் இன்டு', 'லுக் அப் டு' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன்னால், கரும்பலகையில் 'பார்' என்று ஒரே சொல்லை எழுதி, இதை உங்கள் வீட்டில் எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று கேளுங்கள். "தம்பியப் பாத்துக்கோ" என்பார் ஒருவர். பாத்துப் போ, பாத்துச் செய், பொண்ணு பாத்து வை, ஒரு கை பாத்திருவோம் என்று வகுப்பு நிறையும். 'பாத்துக்கோ'வைச் சொன்ன பிள்ளையிடம் 'லுக் ஆஃப்டர்' அதுதான் என்று சொல்லுங்கள். "செஞ்சு பாரு" என்று எவராவது சொன்னால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். பார்ப்பதற்கு அதில் கண் வேண்டியதில்லை என்பதை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். 'ட்ரை அவுட்' என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.