இடத்தின் சுவை

கலிபோர்னியாவின் சொனோமா கடற்கரையில் ஃபோர்ட் ராஸ்-சீவியூ என்றொரு பகுதி. அங்கே விளையும் பீனோ நுவார் திராட்சையின் சிவப்பு வைனைக் குடித்தவர்கள் முதலில் சொல்வது, “இதில் அந்த இடம் தெரிகிறது” என்பதுதான். அதில் பொய் இல்லை. பசிபிக் கடலிலிருந்து சில மைல் தூரத்தில், கடல்மூடுபனிக்கு மேலே தலை நீட்டிய மலைமுகடுகள் அவை. கீழே குளிர், மேலே வெயில். பழம் நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பு தங்குகிறது. சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு பக்கத்திலேயே ஓடுவதால் ஒரே தோட்டத்துக்குள் மண் பலவிதம். ஒரு தோட்டத்துப் பழத்தை வேறெதோடும் கலக்காமல் புட்டியில் அடைப்பதற்கு இங்கே நியாயம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்தன்மையை டெர்வார் என்பார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குத் திணைதான் நினைவுக்கு வரும். தோட்டத்தின் பெயரும் விளைந்த ஆண்டும் லேபிளில் இருக்கும். நிலமும் பொழுதும், அதாவது முதற்பொருள். ஆனால் தொல்காப்பியம் அதோடு நிற்கவில்லை. கருப்பொருளில் மரத்தோடும் பறவையோடும் அந்த நிலத்து மக்களின் தொழிலையும் சேர்த்தது. டெர்வார் பற்றிய ஏட்டு விளக்கங்களிலும் மனிதருக்கு இடமுண்டு. கடையில், விருந்தில் பேசும்போது மட்டும் அது மண், காற்று, பனி என்று சுருங்கிவிடுகிறது.

அமெரிக்க விதிப்படி, லேபிளில் ஒரு தோட்டத்தின் பெயரைப் போட்டால் புட்டியில் உள்ளதில் 95 விழுக்காடாவது அங்கே விளைந்திருக்க வேண்டும். அந்தப் பெயரும் பல நேரம் நிலத்தின் பெயரல்ல, நிலத்தை வைத்திருப்பவரின் பெயர். இப்பகுதியின் புகழ்பெற்ற ஹிர்ஷ் தோட்டம், 1980இல் அங்கே கொடி நட்ட டேவிட் ஹிர்ஷின் பெயரைத் தாங்கியது. நட்டவர் பெயர் இருப்பதில் குறையொன்றுமில்லை.

ஆனால் குளிர்காலத்தில் எந்த மொட்டை விட்டு எந்தக் கிளையை வெட்டுவது என்று கொடிக்குக் கொடி முடிவெடுப்பது ஒரு கை. பழம் சூடேறக் கூடாதென்று இருட்டிலேயே நெற்றிவிளக்கோடு குலை குலையாய் அறுப்பதும் கைதான். விலை உயர்ந்த புட்டிகளின் பின்பக்கத்தில் “கையால் பறித்தது” என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். யாருடைய கை?

பெயர் இல்லாததே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. இருபது வருடமாக நான் எழுதிய மென்பொருள் எதிலும் என் பெயர் கிடையாது. அதனால் என் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் அது சர்வர் அறையின் குளிரில் தானாக விளைந்தது என்று யாரும் சொன்னதில்லை. வேலையை ஒருவர் செய்ய, புகழை இன்னொருவருக்குக் கொடுப்பது பழைய கதை. இங்கே புகழ் மலைக்குப் போகிறது. மலையோ கூலி கேட்பதில்லை.

தேயிலை குடித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. மலையகத்து இலை தோட்டத்தின் பெயரோடும் ‘சிலோன்’ என்ற பெயரோடும் உலகமெல்லாம் போனது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அதைப் பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. இலை எந்த நாட்டினுடையது என்பதில் மட்டும் ஒருநாளும் சந்தேகம் வரவில்லை.

கலிபோர்னியத் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். பலருக்குக் குடியேற்ற ஆவணங்கள் இல்லை. பழத்துக்கு ஆவணம் உண்டு, 95 விழுக்காடு வரை.

வைன் நன்றாகத்தான் இருக்கிறது. நான் அதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தக் கைகளுக்கு எதுவும் கிடைத்துவிடாது. யாராவது கோப்பையைச் சுழற்றி “இடம் தெரிகிறது” என்றால், அந்த இடத்தில் யாரெல்லாம் தெரிகிறார்கள் என்று கேட்கிறேன். சிலர் யோசிக்கிறார்கள். சிலர் பாலாடைக்கட்டித் தட்டை என் பக்கம் நகர்த்துகிறார்கள்.