வாயைத் திறந்து வாசியுங்கள்!

"எனக்கெல்லாம் சிலப்பதிகாரம் புரியுமா, சார்?"

கல்கத்தாவின் ஜாதவ்பூரில் நான் சந்தித்த தமிழர்களில் பாதிப் பேராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கேட்பவர் யார் என்று பாருங்கள். வேலைக்கு வந்த ஆறே மாதத்தில், ஜாதவ்பூர் சந்தையில் மீன்காரரிடம் வங்காளியில் பேரம் பேசி, செதில் உரித்துத் துண்டு போடச் சொல்லி வாங்கிவரும் பெண். வங்கிக் கடன் பத்திரத்தின் பொடி எழுத்தை வரி விடாமல் படித்து, வட்டிக் கணக்கில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தவர். இவர்களுக்குத் தாய்மொழியில் எழுதிய கதை புரியாதாம்! யார் சொன்னது? எந்த நாளில், எந்த வாயால் சொன்னார்கள்?

என்னிடம் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு. செய்யுளை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். சீர் பிரிக்கத் தெரியாமல் இரண்டாம் அடியில் தடுமாறினேன். வகுப்பே சிரித்தது. "உட்கார், உனக்கு வராது" என்று ஒரு குரல். உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்தவன் எழுந்து நிற்க இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டு எனக்குச் சேர வேண்டிய சொத்து. ஒரு நொடிச் சிரிப்புக்குப் பயந்து அதை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுத்திருக்கிறீர்களா? திரும்பக் கேளுங்கள். இன்றே கேளுங்கள்.

புரியாமல் போனதற்குக் காரணம் உங்கள் மூளை இல்லை. தனியாக, வாயை மூடிக்கொண்டு, தேர்வுக்குப் பயந்து படித்தீர்கள். நம் பழைய நூல்கள் அப்படிப் படிப்பதற்காகப் பிறந்தவை அல்ல. ஒருவர் வாசிக்க, ஒருவர் பொருள் சொல்ல, பத்துப் பேர் கேட்டு இடைமறிக்க வாழ்ந்தவை அவை. திரௌபதி அம்மன் கோயில் முற்றத்தில் இன்றும் பாரதம் படிக்கிறார்களே, அங்கே முன்வரிசையில் உட்கார்ந்து அழுகிற பாட்டி எந்தக் கல்லூரியில் இலக்கணம் படித்தாள்?

கூட்டு வாசிப்பு எளியவர்களுக்கான ஊன்றுகோல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது உ.வே.சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நேரே பாடம் கேட்டவர். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கோவையும் நாவில் புரண்டவர். அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. படிக்க உட்கார்ந்தால், சமண சமயச் செய்திகள் வழியை மறித்தன. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் இருட்டாகவே இருந்தன.

அவர் என்ன செய்தார்? "எனக்கு வராது" என்று ஏட்டைக் கட்டி வைத்தாரா? கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போனார். போன வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. விசேஷம் என்னவென்று கேட்டால், அவர்கள் கூடிப் படித்துவந்த சிந்தாமணி அன்றுதான் நிறைவு பெற்றது என்றார்கள். அந்தக் காட்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தமிழ்ப் புலவர் உலகம் மறந்துபோயிருந்த ஒரு காப்பியத்தை, ஒரு தெருவில் சாதாரணக் குடும்பத்தார் கூடி வாசித்து, முடித்த நாளைக் கல்யாண நாள்போலக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்! கல்லூரி ஆசிரியர் அவர்கள் முன் மாணவராக உட்கார்ந்தார், கேட்டார், குறித்துக்கொண்டார். 1887-ல் சிந்தாமணி அச்சேறியது. பிறகு 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. அந்த வரிசைக்கு முன்னால் ஒரு தோரணம் கட்டிய வீடும், தயங்காமல் படியேறிய ஓர் இளைஞரும் இருந்தார்கள். உ.வே.சா.வுக்கே துணை தேவைப்பட்டது. நாம் துணை தேடுவதில் என்ன வெட்கம்?

நான் வாழும் ஊரும் இதே பாடத்தைத் தன் வழியில் எனக்குச் சொன்னது. ஆங்கில அரசின் கல்விக்கு மாற்றாக 1906-ல் கல்கத்தாவில் தேசியக் கல்விக் கழகம் எழுந்தது. 1907-ல் அங்கே தாகூர் 'விஸ்வசாகித்யம்' என்று பேசினார்: உலக இலக்கியம் துண்டு துண்டான வயல்கள் இல்லை, மனிதர்கள் கூடிக் கட்டும் ஒரே கட்டடம் என்ற எண்ணம் அது. அந்தக் கழகத்தின் வேரிலிருந்து 1955-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் வந்தது. மறு ஆண்டே கவிஞர் புத்ததேவ போஸ் இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறையை இங்கே தொடங்கினார். காளிதாசனையும் போதலேரையும் ஒரே கையால் வங்காளியாக்கியவர் அவர். அத்துறையின் முதல் அணி மாணவர்களில் ஒருவர் நவநீதா தேவ் சென். பின்னாளில் அவர் சந்திராவதியின் இராமாயணத்தைக் கையில் எடுத்தார். 16-ஆம் நூற்றாண்டில் மைமன்சிங் பக்கத்தில் வாழ்ந்து, சீதையின் பக்கம் நின்று கதை சொன்ன பெண் கவி சந்திராவதி. முழுமையில்லை, தரமில்லை என்று அறிஞர்கள் ஓரம் கட்டியிருந்த நூல் அது. நவநீதா அதற்குக் காது கொடுத்தார். பிறர் போட்ட மதிப்பெண்ணைத் தன் வாசிப்பின் மேல் ஏற விடவில்லை. இந்தத் துணிச்சல்தான் வாசகனுக்கு முதல் தகுதி.

நூலைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். இதே பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பிரதிகள், ஆவணங்கள் பள்ளி 2013-ல் 'பிசித்ரா' என்ற இணையத் தொகுப்பைத் திறந்தது. தாகூரின் கையெழுத்துப் படிகளும் அச்சுப் பதிப்புகளும் அதில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் நெஞ்சு நிமிரும். அடித்தல், திருத்தல், மறுபடி அடித்தல்! அடித்த வரிகளை இழுத்து இழுத்து அவர் பறவையாகவும் விலங்காகவும் வரைந்து வைத்திருக்கிறார். எழுதியவரே இத்தனை முறை தடுமாறியிருக்கிறார், வாசிக்கிற நாம் ஓரிடத்தில் தடுமாறினால் குடியா முழுகிவிடும்?

இந்தத் தெம்போடுதான் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குச் சிலப்பதிகார வாசிப்பைத் தொடங்கினோம். ஏழு பேர், ஏழு ஊர்களின் திரைகள். நான் இருப்பது விஜய்கட் பக்கம் ஒரு மாடி அறை. தேசப் பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், கைவிடப்பட்ட ராணுவக் கொட்டகைகளில் குடியேறி உருவாக்கிய காலனி அது. அங்கிருந்து நான் புகாருக்கும் மதுரைக்கும் போனேன்.

முதல் வாரங்கள் கடினம்தான், மறைக்கவில்லை. மங்கல வாழ்த்துப் பாடலில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல் பிரித்தார்கள். இந்திரவிழவூரெடுத்த காதையில் மூச்சு வாங்கியது. குழுவில் திருப்பூர்க்காரப் பெண் ஒருவர், பின்னலாடைக் கம்பெனியில் செக்கிங் வேலை. பதினைந்து வாரங்கள் கேமராவைத் திறக்கவில்லை, ஒரு சொல் பேசவில்லை. ஆனால் ஒரு வாரமும் தவறவில்லை.

16-ஆவது வாரம் கொலைக்களக் காதை. ஆயர் குலத்து மாதரி வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். ஆயர் பெண்கள் சாலி அரிசியும் பாலும், பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் கொண்டுவந்து தருகிறார்கள். காய் நறுக்கி விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. நாங்கள் அருஞ்சொற்பொருளில் மூழ்கியிருந்தோம். அப்போது அந்தக் குரல் வந்தது: "அது அவங்க வீட்டு அடுப்பு இல்லைங்க. அடுத்தவங்க அடுப்பு. நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம் எனக்கும் கண்ணு அப்படித்தான் எரிஞ்சுது. அவுங்களுக்கு அதுதான் கடைசிச் சமையல்னு தெரியாதுங்களே."

ஆறு திரைகளும் அமைதியாயின. கோவலன் உண்டு, வெற்றிலை போட்டு, சிலம்பை வாங்கிக்கொண்டு இறங்கிப் போவதை அதன்பின் வாசித்த குரல் உடைந்தது. எந்த உரையிலும் இப்படி ஒரு குறிப்பை நான் கண்டதில்லை. அவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மறுநாள் இதை என் வீட்டுக்கார அம்மாளான மாஷிமாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். கேட்டுவிட்டு, இந்தக் காலனிக்கு வந்த புதிதில் தன் அம்மா செங்கல் அடுக்கி மூட்டிய முதல் அடுப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். சிலம்பு அந்த வீட்டுக் கூடத்தில் வங்காளியில் ஒலித்தது.

நீங்களும் தொடங்குங்கள். பட்டம் வேண்டாம், பெரிய பேச்சாளர் வேண்டாம். நான்கு பேரைப் பிடியுங்கள். நூலுக்குக் காசும் வேண்டாம். கல்யாணசுந்தரம் 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்ட இணைய நூலகத்தில் மூலம் கிடைக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் உரையும் இருக்கிறது. சிலம்பில் 30 காதைகள். வாரம் ஒன்று என்றால் ஏழு மாதம். உரத்து வாசியுங்கள், இரண்டு முறை. உரையைத் திறப்பதற்கு முன் ஆளுக்கு ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள், தப்பாக இருந்தாலும். தப்பைக் கேட்டுச் சிரிப்பவருக்குக் குழுவில் இடம் கொடுக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பானவன். யாராவது ஒருவர் மட்டும் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கினால் மரியாதையாக நிறுத்துங்கள். பேசாமல் கேட்பவரை விரட்டாதீர்கள், விட்டும் விடாதீர்கள். ஒரு வாரம் மூன்று பேர்தான் வந்தார்களா? மூன்று பேராக வாசியுங்கள். மின்சாரம் போனதா? போன் வெளிச்சத்தில் வாசியுங்கள். நின்றுபோன குழுக்களை நான் அறிவேன். பெரும்பாலும் "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட ஒரு வாரத்தில்தான் அவை நின்றன.

சிலம்பை முடித்த இரவில் என் அறைக் கதவில் மாவிலை கட்டினேன். கும்பகோணத்து வீட்டை நினைத்துத்தான். வரும் ஞாயிறு மணிமேகலை. பதிகத்தை யார் வாசிப்பது என்று குழுவில் கேட்டேன். திருப்பூரிலிருந்து உடனே பதில் வந்தது: "நான் வாசிக்கிறனுங்க. கேமராவும் போடறேன்."