ஓட முடியாத குதிரைக்கு யார் தீனி போடுவது?

ஜும்ஆ உரை - கணியூர்

 

  அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்து ஆரம்பிக்கிறேன்.

சென்ற வாரம் அஸர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறார். ஊரில் பந்தய வண்டிக்காக ஒரு குதிரை வைத்திருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

"ஹஜ்ரத், பந்தயத்துல குதிரைக்கு முன்னங்கால் போயிருச்சுங்க. உசிருக்கு ஒண்ணுமில்லைங்க, ஆனா இனி வேகமா ஓடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. ஓடாத குதிரைக்குத் தினமும் தீனி போட முடியுங்களா? ஒருத்தர் விலைக்குக் கேக்கறாருங்க. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. கூட்டாளிங்க, ராத்திரியோட ராத்திரியா எங்கயாச்சும் ரோட்டுல விட்டுட்டு வந்துருங்கறாங்க. மார்க்கம் என்ன சொல்லுதுங்க?"

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல என்பதால் இன்றைய ஜும்ஆவுக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

பந்தயம் விடுவதே பாவமா?

நம் கொங்கு நாட்டில் பந்தயம் தெரியாத ஊர் இல்லை. உடுமலை, பொள்ளாச்சி, காங்கேயம் பக்கமெல்லாம் ரேக்ளா நடக்கிறது. கண்ணபுரத்தில் மாட்டுச் சந்தை, அந்தியூரில் குதிரைச் சந்தை என்று ஊரே திரள்கிறது. இதெல்லாம் அடியோடு ஹராம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பயிற்சி கொடுத்துத் தயார் செய்யப்பட்ட குதிரைகளை ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட விட்டார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்சி பெறாத குதிரைகளை ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டும் ஓட விட்டார்கள். அது ஒரு மைல். அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர்.

இந்த ஹதீஸை ஓதும்போது நாம் பந்தயம் ஆகும் என்ற சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தூரத்தைக் கவனியுங்கள். ஒரு குதிரைக்கு ஆறு மைல், இன்னொரு குதிரைக்கு ஒரு மைல். எவ்வளவு ஓடலாம் என்பதை அந்தப் பிராணியின் சக்திதான் தீர்மானித்தது. வேடிக்கை பார்ப்பவர்களின் ஆசை தீர்மானிக்கவில்லை. நம் பகுதி ரேக்ளாவிலும் காளையின் பல்லைப் பார்த்து 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரிக்கிறார்களே, அதுவும் இதே நியாயம்தான். பிராணியின் சக்திக்கு மேல் ஓட்டுவது அநியாயம் என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

காசு எங்கிருந்து வருகிறது?

பரிசைப் பற்றியும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றின் போட்டிகளில் பரிசு வைப்பதற்கு அனுமதி தந்தார்கள். இது அபூதாவூத், திர்மிதி, நஸயீ கிதாபுகளில் வருகிறது.

சட்ட மேதைகள் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்கள். ஓட்டுபவர் அல்லாத வேறொருவர், ஊர்ப் பெரியவரோ ஒரு வியாபாரியோ, தன் சொந்தப் பணத்தைப் பரிசாகக் கொடுத்தால் ஆகும். இருவரில் ஒருவர் மட்டும், "நீ ஜெயித்தால் நான் தருகிறேன், நான் ஜெயித்தால் எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொன்னாலும் ஆகும். இரண்டு பேரும் பணத்தைக் கட்டி, ஜெயித்தவர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டால் அது சூதாட்டம். மாயிதா அத்தியாயத்தின் 90ஆவது வசனத்தில் மதுவோடு சேர்த்து அல்லாஹ் தடுத்திருக்கும் அதே சூதாட்டம். எல்லாரிடமும் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தையே பரிசாகக் கொடுப்பதும் இந்தக் கணக்கில் வந்துவிடும். ஓரத்தில் நின்று எந்த வண்டி முந்தும் என்று காசு கட்டுபவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளம் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் கரைந்து, திங்கட்கிழமை பிள்ளையின் பால் காசுக்குக் கைமாற்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன. செல்போனில் காசு கட்டி விளையாடும் தம்பிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"குதிரைப் பந்தயத்தைச் சட்டமே அனுமதிக்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள். 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பு வந்தது. அது நாட்டின் சட்டம். குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை இருக்கலாம். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர், தன் காசைப் பறிகொடுக்கிறார் அல்லது பிறர் காசை எடுக்கிறார். ஷரீஅத் பார்ப்பது இந்தப் பரிமாற்றத்தை.

2024 ஜூன் மாதம் ஊட்டி பந்தய மைதானத்தின் 52 ஏக்கரை அரசு மீட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கருக்குச் சீல் வைத்தது. பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அந்த வழக்குகள் குத்தகையைப் பற்றியவை, நிலத்தைப் பற்றியவை. ஓடி ஓடிக் கால் போன குதிரைகள் எங்கே போயின என்ற கேள்வி அதில் வரவில்லை. மனிதர்களின் வழக்கில் வராத கேள்வி மஹ்ஷரில் வரும்.

வாயில்லா ஜீவனின் முறையீடு

நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் போனார்கள். அங்கிருந்த ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டதும் கனைத்து அழுதது. கண்ணீர் வடிந்தது. நபியவர்கள் அருகில் போய் அதைத் தடவிக் கொடுத்தார்கள், அது அமைதியானது. உரிமையாளரை அழைத்து, அல்லாஹ் உமது கையில் ஒப்படைத்த இந்தப் பிராணி விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்று கேட்டார்கள். நீர் அதைப் பட்டினி போடுவதாகவும் ஓயாமல் வேலை வாங்குவதாகவும் என்னிடம் முறையிடுகிறது என்றார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது.

சகோதரர்களே! அந்தத் தோழர் அதை விலை கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். ஆனால் நபியவர்கள் அதை அல்லாஹ் ஒப்படைத்த பொருளாகவே பேசினார்கள். அப்படியென்றால் அது அமானிதம். ரசீது நம் கையில் இருந்தாலும் ரப்பு அவன்தான்.

முகத்தில் சூடு போடப்பட்ட ஒரு கழுதையைக் கண்டபோது அதைச் செய்தவனை நபியவர்கள் கண்டித்துச் சபித்தார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், பிராணிகளுக்குக் கனமான கடிவாளம் போடக் கூடாது, இரும்பு முனை வைத்த கோலால் குத்தக் கூடாது என்று அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். தார்க்குச்சியின் நுனியில் ஆணி அடிப்பவர்கள் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தடுக்கப்பட்டது இது.

நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி, பிராணியை அடிப்பது, அளவுக்கு மீறி ஓட்டுவது, பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி கைவிடுவது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீயும் பன்னும் சாப்பிடும் காசு! அல்லாஹ்வின் கணக்கு அப்படி அல்ல. ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் போனாள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். இரண்டும் புகாரியில் உள்ள ஹதீஸ்கள்.

தோற்ற பிராணியை என்ன செய்வது?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற ஒட்டகம் இருந்தது. அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்குப் பெரிய வருத்தம். நபியவர்களோ, உலகில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஒட்டகத்தின் மீது கோபம் இல்லை, ஒரு குறைச்சொல் இல்லை. தோல்வி அல்லாஹ்வின் ஏற்பாடு என்று புரிந்தவர் சாட்டையை எடுக்க மாட்டார்.

ஹிஜ்ரி 660இல் மறைந்த பெரும் மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்கு உள்ள உரிமைகளை ஒவ்வொன்றாக எழுதினார்கள். அவற்றில் முதன்மையானது, அதற்கு வேண்டிய தீனிச் செலவைச் செய்ய வேண்டும். அது கிழடாகி, நோயுற்று, அதனால் எந்தப் பயனும் இல்லாமல் போனாலும் செய்ய வேண்டும் என்பது. இங்கே பயன் தரும்வரை என்று எல்லை போடவில்லை. நம் தாய் தந்தைக்கு வயதானால் சோறு போடுவதை நிறுத்துவோமா? பிராணி பெற்றோரின் தரத்தில் இல்லைதான். ஆனால் உழைத்ததை மறக்கும் மனம் இரண்டு இடத்திலும் ஒரே மனம்தான்.

எனவே தம்பிக்கு நான் சொன்ன பதில் இது. ரோட்டில் விடுவது ஹராம். பூனையைப் பட்டினி போட்ட பெண்ணின் பாவமும் இதுவும் ஒரே இனம். ஊட்டிச் சாலைகளில் ஆதரவில்லாமல் திரியும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அடிபட்டுச் சாகும், அல்லது இரவில் பைக்கில் வரும் ஒரு பிள்ளையைச் சாகடிக்கும். விற்பது ஆகும், ஆனால் தீனி போட்டுப் பராமரிப்பார் என்று தெரிந்தவருக்கு விற்க வேண்டும். எதற்கு என்று சொல்லாதவருக்கு விற்றுக் காசை எண்ணிக்கொண்டு, "எனக்குத் தெரியாது" என்று அல்லாஹ்விடம் சொல்ல முடியாது. அதுவரை தீனி போடுவது உங்கள் கடமை. உங்களால் முடியாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாலு வருஷம் எனக்குக் கப்பு வாங்கிக் கொடுத்துச்சுங்க ஹஜ்ரத்" என்றார். குதிரை இப்போது அவர் வீட்டு வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: பந்தயத்தில் காசு கட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். வெளியேறத் தவிக்கும் தம்பிகள் தனியாக வந்து பேசலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இரண்டு: பிராணி வளர்ப்பவர்கள், வாங்கும்போதே அதன் கடைசிக் காலத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தச் செலவுக்கு வசதி இல்லை என்றால் வாங்காதீர்கள்.

மூன்று: காயம் பட்டால் நாமே சூடு போட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பக்கத்தில் உடுமலைப்பேட்டையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நான்கு: இந்தத் தம்பியின் குதிரைக்குத் தீனி வாங்க ஜமாஅத்தார் முன்வர வேண்டும். ஈரமுள்ள ஈரல் கொண்ட எந்த உயிருக்குச் செய்யும் உதவிக்கும் கூலி உண்டு என்பது நபிமொழியின் கருத்து. ஒரு கட்டுச் சோளத்தட்டும் ஸதகாதான்.

யா அல்லாஹ்! எங்கள் கையில் நீ ஒப்படைத்த வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் எங்களை நீதியாளர்களாக ஆக்குவாயாக! எங்கள் சம்பாத்தியத்தைச் சூதிலிருந்து காப்பாயாக! மறுமையில் எந்த உயிரும் எங்களுக்கு எதிராக முறையிடாத நிலையில் எங்களை உன் முன் நிறுத்துவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.